விமானம் சொந்தம், வானம் பொது



செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக் கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே ஒரு சிறு விமானம் கரகரவென்று இரைந்துகொண்டு போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை அசைப்பார்கள். "அப்பா, அதை யார் ஓட்டுறாங்க?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். இன்றைய பேச்சில் அந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

சம்பளம் வாங்கிக்கொண்டு பெரிய விமானங்களை ஓட்டும் விமானிகளை நாம் அறிவோம். ஆனால் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரக்கூடிய சிறு விமானங்களை ஓட்டுகிறவர்களில் பலர் அதைத் தொழிலாகச் செய்பவர்கள் அல்லர். ஒருவர் டாக்டராக இருப்பார், ஒருவர் கடைக்காரராக இருப்பார், இன்னொருவர் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார். நாம் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவதுபோல், அவர்கள் பறப்பதற்குப் போகிறார்கள். இதைத் தனியார் பறத்தல், பொழுதுபோக்குப் பறத்தல் என்று சொல்கிறோம்.

"பணக்காரர்களின் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சுபாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு சிறு விமானம் அன்று காப்பாருக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் விழுந்தது. அதில் இருந்த இருவரும் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஆகஸ்ட் 17ஆம் தேதி, ஒரு சிறு ஜெட் விமானம் ஷா ஆலாம் எல்மினா பகுதியில் சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேருடன், சாலையில் தத்தம் வேலையாகப் போய்க்கொண்டிருந்த இருவரும் உயிரிழந்தனர். அந்த இருவருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அவர்கள் கீழே இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே விமானம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் வானம் எல்லாருக்கும் பொது. வானத்துக்குக் கீழே இருக்கும் நாமும் அந்தச் சட்டத்தில் பங்குள்ளவர்களே.

இந்தச் சட்டம் எப்படி உருவானது, எப்படி மாறி வருகிறது என்பதை அறிய அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். காரணம், உலகத்திலேயே தனியார் விமானங்கள் மிகுதியாக உள்ள நாடு அதுதான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் அங்கே இருக்கின்றன. சட்டத்தை இறுக்கியும் பார்த்தார்கள், தளர்த்தியும் பார்த்தார்கள். அவர்கள் பட்ட அனுபவம் மற்ற நாடுகளுக்கும் பாடம்.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் விமானம் ஓட்ட மத்திய அரசாங்கத்தின் லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும், பட்டாளத்துக்கு மிஞ்சிய விமானங்கள் மலிவாக விலைக்கு வந்தன. அவற்றை வாங்கிய இளைஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். வயல்வெளியில் இறங்கிக் காசு வாங்கிக்கொண்டு மக்களை ஏற்றிப் பறந்தார்கள். இறக்கைமேல் நடந்து வேடிக்கை காட்டினார்கள். பலர் விழுந்து செத்தார்கள். 1926ஆம் ஆண்டில்தான் விமானிக்கு லைசென்ஸ், விமானத்துக்குப் பதிவு, இரண்டுக்கும் பரிசோதனை என்று சட்டம் வந்தது. 1956 ஜூன் 30ஆம் தேதி இரண்டு பயணிகள் விமானங்கள் கிராண்ட் கேன்யன் என்னும் இடத்துக்கு மேலே மோதி 128 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 1958இல் வான்வெளி முழுவதையும் கண்காணிக்கும் ஒரே நிர்வாகம் அமைந்தது. கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் என்பது இன்று அதன் பெயர்.

விமானச் சட்டங்களில் பல இப்படித்தான் பிறந்தன. ஒரு விபத்து நடக்கும். ஒரு விதி சேரும். ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் விதிகள் சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும்? அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு நியாயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு விமானம் பறக்கும்போது மூன்று வகையான மனிதர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள். ஓட்டுகிறவர் முதலாமவர். ஆபத்தை அறிந்தே அவர் ஏறுகிறார். உடன் வரும் பயணி இரண்டாமவர். அவர் ஓட்டுகிறவரை நம்பி ஏறுகிறார். கீழே இருப்பவர் மூன்றாமவர். அவரை யாரும் கேட்கவே இல்லை. தன் உயிரை ஆபத்துக்கு உட்படுத்த ஒருவருக்கு ஓரளவு உரிமை உண்டு. பிறர் உயிரை உட்படுத்த உரிமை கிடையாது. இந்த நியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தச் சீர்திருத்தம் நல்லது, எது கெட்டது என்று நாமே எடை போட்டுப் பார்க்கலாம்.

1982ஆம் ஆண்டில் வந்த ஒரு விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் காலத்தில் துணி இறக்கையும் அலுமினியக் குழாயும் கொண்ட மிக இலேசான பறக்கும் வண்டிகள் அமெரிக்காவில் பெருகியிருந்தன. நிர்வாகம் என்ன செய்தது? எடை 254 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஓர் இருக்கைதான் இருக்கலாம். எரிபொருள் ஏறக்குறைய 19 லிட்டருக்கு மேல் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டர் அளவுக்கு மேல் வேகம் கூடாது. வீடுகள் நெருங்கிய ஊர்களின் மேலோ கூட்டத்தின் மேலோ பறக்கக் கூடாது. இவற்றுக்கு உட்பட்டால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், மருத்துவச் சான்றிதழும் வேண்டாம் என்றது.

கவனியுங்கள். ஓர் இருக்கை என்றால் பயணி இல்லை. ஊருக்கு மேல் பறக்காவிட்டால் கீழே இருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து ஓட்டுகிறவருக்கு மட்டுமே என்பதால் அரசாங்கம் ஒதுங்கி நின்றது.

ஆனால் நான்கே ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று நடந்தது. 1986 ஆகஸ்ட் 31ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகில் செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, ஒரு குடும்பத்தினர் மூவர் சென்ற சிறு விமானம், அனுமதியின்றி நுழையக் கூடாத வான்பகுதிக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டது. மெக்சிகோவிலிருந்து வந்த பயணிகள் விமானம் அதன்மீது மோதியது. பெரிய விமானத்தில் 64 பேர், சிறிய விமானத்தில் 3 பேர், கீழே வீடுகளில் இருந்தவர்களில் 15 பேர், ஆக 82 பேர் மாண்டார்கள்.

அந்தச் சிறு விமானத்தின் உயரத்தைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவிக்கும் கருவி அதில் இல்லை. "ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்து விலகிக் கொள்ளலாம்" என்ற பழைய முறை, வேகமான விமானங்கள் நெருங்கிப் பறக்கும் வானத்தில் பயன்படாது என்பது அன்று தெரிந்தது. அதன் பிறகு பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதியில் உயரத்தைத் தானாகவே அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி கட்டாயமாயிற்று. பயணிகள் விமானங்களில் மோதலை எச்சரிக்கும் கருவியும் வைக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, அத்தகைய பகுதிகளில் பறக்கும் விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே வானொலி அலைகளில் அறிவித்துக்கொண்டே போக வேண்டும் என்றும் விதி வந்தது. இந்தக் கருவிகளுக்குச் செலவு உண்டு. விமானச் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் மூன்றாமவரின் உயிரைக் காக்கும் விதி என்பதால் இது நியாயமான இறுக்கமே.

இனி மறு பக்கத்தைப் பார்ப்போம். 1978இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 17,811 சிறு விமானங்களைச் செய்து அனுப்பின. 1994இல் அந்த எண்ணிக்கை 928. பதினாறே ஆண்டுகளில் ஒரு தொழில் ஏறக்குறைய படுத்துவிட்டது. புகழ்பெற்ற செஸ்னா நிறுவனம் 1986இல் பெட்ரோல் என்ஜின் கொண்ட சிறு விமானங்களைச் செய்வதையே நிறுத்தியது. தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் வேலை இழந்தார்கள். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் இழந்து தவித்தவர்களைப் பார்த்த நமக்கு, அது எப்படிப்பட்ட வேதனை என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. எண்ணெய் விலையும் வட்டியும் உயர்ந்தன. பழைய விமானங்களே சந்தையில் நிறையக் கிடந்தன. இவற்றோடு நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்துகொண்டன. முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த விமானம் விழுந்தாலும், செய்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரலாம் என்ற நிலை இருந்தது. காப்புறுதிச் செலவு ஏறியது. அது விமானத்தின் விலையில் போய்ச் சேர்ந்தது.

1994 ஆகஸ்டில் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. சிறு விமானம் விற்கப்பட்டு 18 ஆண்டுகள் கழிந்தபின் நடக்கும் விபத்துக்குப் பொதுவாக உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடர முடியாது என்றது அது. செஸ்னா நிறுவனம் மீண்டும் தொழிற்சாலை திறந்தது. வேலைகள் திரும்பின. ஆனால் பழைய விமானத்தின் குறைபாட்டால் கணவனை இழந்த மனைவி யாரிடம் நியாயம் கேட்பார்? இந்தக் கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் இருக்கிறது. உற்பத்தியாளர் குறைபாட்டை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. விமானத்தில் இல்லாதவர், அதாவது கீழே இருந்தவர், பாதிக்கப்பட்டாலும் 18 ஆண்டு வரம்பு பொருந்தாது. மூன்றாமவரின் உரிமையை அந்தச் சட்டம் தொடவில்லை என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அடுத்து, பாதுகாப்புக்காக வந்த விதியே பாதுகாப்புக்குத் தடையாக நின்ற கதை.

பிள்ளைகள் விடும் பட்டத்தை எண்ணிப் பாருங்கள். காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்வாக இருந்தால் பட்டம் ஏறும். சாய்வு அளவுக்கு மீறினால் தத்தளித்துத் தலைகுப்புற விழும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். காற்றை அது எதிர்கொள்ளும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், தாங்கும் சக்தி திடீரென்று குறைந்துவிடும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் இது நேரும். தாழ்வாகப் பறக்கும்போது நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் இருக்காது. சிறு விமானங்களில் உயிர் போகும் விபத்துகளுக்கு, இப்படிக் கட்டுப்பாட்டை இழப்பதே முதன்மையான காரணம்.

அந்தக் கோணத்தைக் காட்டும் கருவி புதிதன்று. பட்டாள விமானங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் அதைச் சாதாரணச் சிறு விமானத்தில் பொருத்துவதற்குப் பெரிய விமானத்துக்கு உரிய அளவுக்குச் சோதனைகளும் சான்றிதழ்களும் வேண்டியிருந்தன. கருவியின் விலையைவிடக் காகிதத்தின் செலவு பெரிதாகிவிட்டது. ஆகவே பலர் பொருத்தவில்லை. 2014இல் நிர்வாகம் இந்த நடைமுறையை எளிதாக்கியது. 2017இல் சிறு விமானங்களைச் செய்வதற்கான விதிகளையே மாற்றி எழுதியது. "இன்ன பொருளால், இன்ன முறையில் செய்" என்று சொல்வதற்குப் பதிலாக, "இன்ன பாதுகாப்பு இருக்க வேண்டும், வழியை நீ காட்டு" என்றது.

தோட்டத்தில் மருந்தடிக்கும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். வெயிலில் அணிந்தால் மூச்சு முட்டுகிற முகமூடியைக் கொடுத்து, "அணியாவிட்டால் குற்றம்" என்று எழுதி வைத்தால் விதி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. அணிந்து வேலை செய்யத் தக்க முகமூடியைத் தேடிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

மூன்றாவதாக விமானியின் உடல்நலத்தைப் பார்ப்போம். தனியார் விமானி அமெரிக்காவில் நீண்ட காலமாக, அரசாங்கம் அங்கீகரித்த டாக்டரிடம் சான்றிதழ் பெற்றாக வேண்டும். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை. நல்ல விதிதானே என்று தோன்றும். ஆனால் மனிதரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "நெஞ்சு வலி என்று சொன்னால் லைசென்ஸ் போய்விடும்" என்று பயந்து, சிலர் டாக்டரிடம் போகாமலே இருந்தார்கள். சிலர் மன உளைச்சலை மறைத்தார்கள். நோய் குறையவில்லை; சொல்வதுதான் குறைந்தது.

2004இல் 600 கிலோ எடைக்கு உட்பட்ட, இரண்டு இருக்கை விமானங்களுக்குப் புதிய வகை லைசென்ஸ் வந்தது. வழக்கமான 40 மணி நேரப் பயிற்சிக்குப் பதிலாக, குறைந்தது 20 மணி நேரம் போதும். மருத்துவச் சான்றிதழுக்குப் பதிலாகக் கார் லைசென்ஸே போதும். ஆனால் அதில் ஒரு கோணல் இருந்தது. கடைசியாகச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் இந்த வகையிலும் பறக்க முடியாது. விண்ணப்பிக்கவே செய்யாதவர் பறக்கலாம். உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை, பேசாமல் இருந்தவனுக்குப் பரிசு என்று ஆயிற்று.

2017 மே முதல் தேதி மேலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பு சான்றிதழ் பெற்றிருந்த தனியார் விமானிகள், தங்கள் சொந்த டாக்டரிடமே நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துகொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை உடல்நலப் பாடம் ஒன்றையும் படித்துத் தேறினால் போதும். தம்மை நன்கு அறிந்த டாக்டரிடம் மனிதர் மனம் திறந்து பேசுவார் என்பது இதன் அடிப்படை. நிர்வாகம் பின்னர் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், இரு வகை விமானிகளின் விபத்துகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்றது.

அண்மையில், 2025 ஜூலை 22ஆம் தேதி, 2004ஆம் ஆண்டின் எடை வரம்பை எடுக்கும் விதி அறிவிக்கப்பட்டது. எடை குறைவு என்பதற்காக உறுதி குறைந்த விமானங்கள் செய்யப்படுவதைவிட, எவ்வளவு மெதுவான வேகத்தில் ஸ்டால் ஆகிறது என்பதே நல்ல அளவுகோல் என்று நிர்வாகம் முடிவு செய்தது. மெதுவாக இறங்கக்கூடிய விமானத்தில் விபத்து நேர்ந்தாலும் அடி குறைவு. நான்கு இருக்கை விமானங்களையும் இந்த வகை விமானிகள் இனி ஓட்டலாம். ஆனால் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். குறைந்த பயிற்சி உள்ளவரை நம்பிப் பலர் ஏறக் கூடாது என்ற கவனம் அங்கே தெரிகிறது.

நேயர்களே, இத்தனை சீர்திருத்தத்துக்குப் பின்னும் அங்கே ஒரு லட்சம் மணி நேரம் சிறு விமானங்கள் பறந்தால், உயிர்ச்சேதம் உள்ள விபத்து ஏறத்தாழ ஒன்று நடக்கிறது. பெரிய பயணிகள் விமானங்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆகவே சட்டத்தைத் தளர்த்தியவர்கள் முழு வெற்றி கண்டார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். இறுக்கினால் போதும் என்றும் சொல்ல மாட்டோம். ஒவ்வொரு விதியையும் எடுத்து, "இது யார் உயிரைக் காக்கிறது? உண்மையிலேயே காக்கிறதா? இதற்குப் பயந்து யாராவது எதையாவது மறைக்கிறார்களா?" என்று மூன்று கேள்விகள் கேட்பதுதான் முறை.

நம் நாட்டில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு, 2018 முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. 2019 நவம்பரில் அமெரிக்க நிர்வாகம் நம் நாட்டின் கண்காணிப்புத் தரத்தைக் குறைத்து மதிப்பிட்டது. குறைகள் திருத்தப்பட்டு 2022 அக்டோபரில் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. விதியை எழுதி வைப்பதோடு, அதை நிறைவேற்றும் திறமையான ஆட்களும் இருந்தாக வேண்டும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக்கூடியது என்ன? தோட்டத்துக்கு அருகே சிறு விமானம் விழுந்தால் முதலில் 999க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எரிபொருள் கசியும், நெருப்பு, சிகரெட் அருகே கூடாது. உயிர் காக்கும் தேவைக்கன்றி, உடைந்த பாகங்களைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். ஏன் விழுந்தது என்பதை அந்தத் துண்டுகளே விசாரணை அதிகாரிகளுக்குச் சொல்லும். கண்ணால் கண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த விபத்தைத் தடுக்கும் விதி அந்த வாக்குமூலத்திலிருந்து பிறக்கலாம்.

அண்ணாந்து பார்த்துக் கை அசைக்கும் பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள்: "அதை ஓட்டுறவங்களும் நம்மைப்போல மனுசங்கதான். நல்லா படிச்சா நீயும் ஓட்டலாம்." விமானி ஆவது மட்டுமல்ல, விமானம் பழுது பார்க்கலாம், வானத்தைக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கண்காணிக்கலாம், விபத்தை ஆராயலாம், விதியை எழுதவும் செய்யலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளை ஒரு நாள் அந்த மேசையில் உட்கார்ந்தால், கீழே இருப்பவரை மறக்காமல் விதி எழுதும் என்று நம்புகிறோம்.